சடைச்சியின் வால்முடி

மலைக்குப் போகிறவர்கள் வெயிலையும் காற்றையும் பார்த்து வழி கண்டுபிடித்துப் போன காலம் அது, பிள்ளைகளே, பெரியவர்களே. அந்தக் காலத்தில் ஏழ்துறை என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டுக்கு ஓர் அரசர். அந்த அரசருக்குக் கவரி வீச ஒருவன். அவன் பெயர் கொற்றன்.

கவரி என்றால் தெரியுமல்லவா? அரசர் அமர்ந்திருக்கும்போது இருபுறமும் நின்று வீசுவார்களே, நீண்ட முடிக்கற்றை, அதுதான். பார்க்க அழகாக இருக்கும். பிடி தந்தத்தில் இருக்கும். ஆனால் அதன் வேலை ஈ ஓட்டுவதுதான்.

கொற்றனுக்கு நாற்பது வயது. பெண்டாட்டி பிள்ளை இல்லை. இருபது ஆண்டுகளாக அரசரின் வலப்பக்கம் நின்றவன். அரசர் உண்ணும்போது வீசுவான். வழக்குக் கேட்கும்போது வீசுவான். பகலில் சற்றே கண் அயரும்போதும் வீசுவான். கை கடுத்தாலும் முகத்தில் காட்டமாட்டான். "கொற்றன் நிற்கும் இடத்தில் ஈ உட்காராது" என்று அரண்மனையில் பேசிக்கொள்வார்கள். அதைக் கேட்கக் கேட்க அவனுக்கு உள்ளே ஒரு நிமிர்வு.

ஒருநாள் அரசர் பக்கத்து நாட்டுத் திருமணத்துக்குப் போய்த் திரும்பி வந்தார். வந்ததும் கொற்றனின் கையைப் பார்த்தார்.

"அங்கே பாலைப் போல வெண்கவரி வீசுகிறார்கள். நம்முடையது எலிவால் மாதிரி இருக்கிறதே, கொற்றா" என்றார்.

சபையில் எல்லோரும் சிரித்தார்கள். கொற்றனுக்குக் காது சுட்டது.

"மஞ்சுமலையில் உடம்பெல்லாம் சடை தொங்கும் பசுக்கள் இருக்கின்றனவாம். அவற்றின் வால்முடி பொன்போல இருக்குமாம். நீயே போய் வா. யாருடைய பசுவோ அவர்களிடம் கேட்டு வாங்கு. அவர்கள் எது விரும்பினாலும் தருவோம். அறுவடைத் திருநாளுக்குத் தூதர்கள் வருகிறார்கள். அதற்குள் வந்துவிடு" என்றார் அரசர்.

கொற்றன் கும்பிட்டுக் கிளம்பினான். இடுப்பில் ஒரு கத்தி. தோளில் ஒரு மூட்டை. மூட்டைக்குள் புளிச்சோறும் ஒரு பொட்டலம் உப்பும்.

முதல் நாள் முழுக்க வயல். இரண்டாம் நாள் முழுக்க மூங்கில் காடு. மூன்றாம் நாள் ஏற ஏற மஞ்சு இறங்கியது. முதலில் எதிர்மலை மறைந்தது. அப்புறம் பக்கத்து மரம் மறைந்தது. கடைசியில் நீட்டிய கை மறைந்தது.

அரண்மனைத் தரையிலேயே நடந்து பழகிய கால் அவனுடையது. கல்லில் பட்டுப் பாதம் வெடித்திருந்தது. உடம்பில் ஒற்றைப் பருத்தித் துணி. பற்கள் கிடுகிடுவென அடித்துக்கொண்டன. இடப்பக்கம் மலையா, பள்ளமா தெரியவில்லை. நட்ட நடுப்பகலில் கண்ணைக் கட்டிவிட்டாற்போல வழியில் நின்றுவிட்டான்.

அப்போது மிக அருகில் 'புஸ்ஸ்' என்று ஒரு மூச்சு.

மஞ்சுக்குள்ளிருந்து முதலில் இரண்டு கொம்புகள் வந்தன. ஆள் கை விரித்தாற்போல அகன்ற கொம்புகள். அப்புறம் ஒரு முகம். கண்ணே தெரியாமல் முன்முடி மூக்குவரை தொங்கும் முகம். அதன் பின்னால், கம்பளிக் குவியலுக்குக் கால் முளைத்தாற்போல ஓர் உடம்பு.

கொற்றன் 'ஐயோ' என்று ஒரு பாறைமேல் தாவி ஏறினான்.

அந்த மிருகம் பாறையடியில் வந்து நின்றது. அவனை அண்ணாந்து பார்த்தது. முன்முடியை ஒருமுறை உதறியது. உள்ளே இரண்டு கரிய கண்கள் தெரிந்தன. கன்றைப் பார்க்கும் தாய்ப்பசுவின் கண்கள் போன்ற கண்கள். பிறகு நாக்கை நீட்டித் தொங்கிக்கொண்டிருந்த அவன் பாதத்தை நக்கியது. வெடிப்பில் ஒட்டியிருந்த மண்ணையெல்லாம் நக்கித் துடைத்தது.

பசு! சடைப்பசு! கொற்றனுக்குச் சிரிப்பு வந்தது. தன் பயத்தை நினைத்தே சிரித்தான். இறங்கி வந்து அதன் நெற்றியைச் சொறிந்தான். அது கழுத்தை நீட்டிக் கொடுத்தது.

சற்று நேரத்தில் சாரல் பிடித்துக்கொண்டது. காற்று பள்ளத்திலிருந்து ஊளையிட்டு வந்தது. பசு காற்று வரும் பக்கமாக நின்றது. கொற்றன் அதன் மறுபக்கம் ஒண்டிக்கொண்டான். தண்ணீர் அதன் வெளிச்சடையில் வழிந்து போனது. உட்சடையோ காய்ந்து கதகதப்பாக இருந்தது. இரண்டு கைகளையும் அதற்குள் புதைத்துக்கொண்டு நின்றான். நடுக்கம் நின்றது. விறைத்த விரல்கள் மடங்கின.

"எந்த ஊர் அம்மா நீ? யார் வீட்டுப் பிள்ளை?" என்று பேசவும் செய்தான். வழியில் பார்த்த சொந்தக்காரரிடம் பேசுவதுபோல் பேசினான். அது அசைபோட்டுக்கொண்டே கேட்டது.

சாரல் விட்டது. மஞ்சு சற்றே விலகியது. எதிர் மேட்டில் சில குடிசைகளும் கொஞ்சம் புகையும் தெரிந்தன. அதுதான் பசுவின் ஊராக இருக்க வேண்டும். போய்ச் சேர அரை நாள் ஆகும்.

பசு புல் மேயத் திரும்பியது. அப்போதுதான் கொற்றன் அதன் வாலைப் பார்த்தான்.

முழங்காலுக்குக் கீழே தரையைத் தொடுவதுபோல் தொங்கியது. புதுத்தேனின் நிறம். வெளிச்சம் பட்ட இடத்தில் பொன்னேதான். ஒவ்வொரு வீச்சுக்கும் விரிந்து, மடங்கி, மறுபடி விரிந்தது. இருபது ஆண்டுகள் கவரி பிடித்த கைக்குத் தெரியாதா? இதைப் போல ஒன்று எந்த நாட்டிலும் இல்லை.

கொற்றன் எதிர்மேட்டைப் பார்த்தான். அரை நாள் ஏற்றம். பாதத்தைப் பார்த்தான். ரத்தம்.

மனம் மூன்று சொன்னது. 'திருநாளுக்கு நாள் இல்லை' என்றது. 'போய்க் கேட்டு, தரமாட்டேன் என்றுவிட்டால்?' என்றது. 'முடிதானே, வளர்ந்துவிடும்' என்றது. மூன்றாவது சொன்னதும் அவன் கை கத்தியைத் தேடியது.

உப்புப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு பாறைமேல் கொட்டினான். பசு வந்தது. மலையில் உப்பு அரிது. கண்ணை மூடிக்கொண்டு நக்கியது. இடையிடையே அவன் பக்கம் திரும்பி அவன் தோளையும் ஒரு நக்கு நக்கியது.

கொற்றன் பின்னால் போனான். வாலைப் பிடித்தான். அது வாலை இழுத்துக்கொள்ளக்கூட இல்லை.

அவசரம், குளிர், திருட்டுக்கை. கத்தி முடியோடு நிற்கவில்லை. வால்நுனிச் சதையிலும் இறங்கிவிட்டது.

பசு ஒரு முறை கத்தியது. ஒரே முறை. மலை அதைத் திருப்பிச் சொன்னது. நான்கு பாய்ச்சல் பாய்ந்து தூரத்தில் போய் நின்றது. உடம்பு நடுங்கியது. வாலில் ரத்தம் சொட்டியது.

கொற்றன் முடிக்கற்றையை மார்போடு அணைத்துக்கொண்டு அசையாமல் நின்றான். முட்ட வரும் என்று நினைத்தான். முட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அது திரும்பியது. இங்கும் அங்கும் பார்த்தது. தன்னைக் கடித்தது எது என்று தேடியது. அப்புறம் மெல்ல மெல்ல நடந்து அவனிடமே வந்தது. வந்து, தலையை அவன் விலாவில் சாய்த்து, அவனோடு ஒண்டி நின்றது. என்னவோ ஒன்று தன்னைக் கடித்துவிட்டது, இந்த மனிதனிடம் இருந்தால் மறுபடி கடிக்காது என்பதுபோல் நின்றது.

கொற்றன் ஓடினான். கல், முள் பார்க்காமல் இறங்கி ஓடினான். முதல் திருப்பத்தில் திரும்பிப் பார்த்தான். அது பின்னால் வந்துகொண்டிருந்தது. அதற்கப்புறம் அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அரண்மனைக்கு வந்தான். பொன்னிறக் கற்றையைக் கண்டதும் அரசரின் முகம் மலர்ந்தது.

"கேட்டாயா, கொற்றா?"

"கேட்டேன், அரசே."

"கொடுத்தார்களா?"

"மனமுவந்து கொடுத்தார்கள், அரசே."

"பசுவுக்கு வலிக்கவில்லையே?"

"தானாக உதிர்ந்த முடி, அரசே."

மூன்று கேள்வி, மூன்று பொய். மூன்றும் தடுமாறாமல் வந்தன. தன் வாயா இது என்று அவனுக்கே வியப்பாக இருந்தது.

திருநாள் வந்தது. தூதர்கள் வந்தார்கள். தந்தப்பிடி போட்ட பொற்கவரியை அவன் வீச வீச, அவர்கள் அரசரைப் பார்ப்பதை விட்டுக் கவரியையே பார்த்தார்கள். அரசர் சபை நடுவில் கொற்றனின் தோளைத் தட்டிக் கொடுத்தார். பசு நக்கிய அதே தோள். கொற்றன் கூசினான்.

அன்று முதல் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மோர் ஊற்றினால் இலையை மூடிவிடுவான். கொட்டிலில் மாடு கத்தினால் வீசும் கை ஒரு கணம் நின்றுபோகும். அது கத்தியதுகூட அவனை அவ்வளவு வாட்டவில்லை. திரும்பி வந்து தன் மேல் சாய்ந்ததே, அதை நினைக்கும்போதெல்லாம் யாரும் பார்க்காத இடத்தில்கூட முகத்தை மூடிக்கொள்வான். 'கொற்றன் நிற்கும் இடத்தில் ஈ உட்காராது' என்று யாராவது சொன்னால், அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுவான்.

கோடை தொடங்கியது. ஒருநாள் அரசர் அழைத்தார்.

"வலப்பக்கம் பொன், இடப்பக்கம் எலிவால். பார்க்க நன்றாகவா இருக்கிறது? இன்னொன்று கேட்டு வாங்கி வா. சென்றமுறை மனமுவந்து கொடுத்தார்களே, அவர்களுக்கு நாம் ஒன்றும் செய்யவில்லை. இந்தப் பட்டுத்துணியை என் பெயரால் கொடு" என்று சிவப்புப் பட்டு ஒன்றை அவன் கையில் வைத்தார்.

கொற்றனால் போகிறேன் என்றும் சொல்ல முடியவில்லை, போகமாட்டேன் என்றும் சொல்ல முடியவில்லை. கும்பிட்டான். கிளம்பினான்.

வயலில் ஒரு நாள். மூங்கிலில் ஒரு நாள். மூன்றாம் நாள் மலையில் மஞ்சே இல்லை. எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. ஒளிந்துகொள்ள ஓர் இடம் இல்லையே என்று அவனுக்குத் தோன்றியது.

அதே திருப்பம். அதே பாறை. வழியோரமாக அந்தப் பசு நின்றுகொண்டிருந்தது.

முதுகெலும்பு தெரிந்தது. விலாவிலும் தொடையிலும் சடை கொத்துக் கொத்தாக உதிர்ந்து, தோல் புண்ணாகிக் கிடந்தது. புண்ணெல்லாம் ஈ. கோடை வந்தால் மலையில் மாட்டு ஈ அப்பிக்கொள்ளும். வால் இருந்தால் விரட்டும். இந்தப் பசு வாலை வீசியது. முடியில்லாத மொட்டை வால் காற்றில் இங்கும் அங்கும் ஆடியது, ஓர் ஈகூட எழவில்லை. எழவில்லை என்று தெரிந்தும் அது மறுபடி வீசியது. மறுபடி வீசியது.

அதன் பக்கத்தில் ஒரு பெண் நின்று, இலைக்கொப்பு ஒன்றால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். கொற்றனின் வயதுதான் இருக்கும். கம்பளியை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தாள். முழங்கைவரை வெயிலில் கறுத்திருந்தாள்.

"கீழ்நாட்டு ஆளா ஐயா?" என்று கேட்டாள்.

"ஆமாம் அம்மா."

"ஒரு ஒத்தாசை செய்யறீங்களா? காலையிலிருந்து கை ஓயலை. இந்தக் கொப்பைக் கொஞ்சம் பிடிச்சீங்கன்னா, ஊத்துல ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு ஓடியாந்துடுவேன்."

கொப்பை வாங்கினான். கை தானாக வீசத் தொடங்கியது. இருபது ஆண்டுப் பழக்கம். மேலே ஒரு வீச்சு, கீழே ஒரு வீச்சு, குறுக்கே ஒரு வீச்சு. ஈக்கள் கலைந்து பறந்தன. பசு முதல்முறையாகத் தலையைத் தொங்கவிட்டு நெடுமூச்சு விட்டது.

பிறகு திரும்பி அவனை மோந்து பார்த்தது. கொற்றன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அது விடவில்லை. கழுத்தை நீட்டி அவன் உள்ளங்கையை நக்கியது. முதல்முறை எப்படி நக்கியதோ அப்படியே நக்கியது.

அந்தப் பெண் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தாள். வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அடேயப்பா! ஒரு ஈ இல்லையே! என்ன வேலை பாக்கறீங்க ஐயா நீங்க?"

"ஈ ஓட்டற வேலைதான் அம்மா."

"யாருக்கு?"

"அரசருக்கு."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அரசரையும் ஈ மொய்க்குமா? அப்போ உங்களுக்கும் எனக்கும் ஒரே வேலைன்னு சொல்லுங்க. என் பேரு நஞ்சி. இவ சடைச்சி. வழியில யாரைக் கண்டாலும் போய் ஒட்டிக்குவா. வேத்தாளு, நம்மாளுன்னு எதுவும் தெரியாது இவளுக்கு."

கொற்றன் வீசிக்கொண்டே இருந்தான்.

நஞ்சி ஒரு சுரைக்குடுக்கையில் மோர் கொடுத்தாள். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டான், குடிக்கவில்லை.

"கால்ல என்ன, வெடிப்பா? பச்சிலை வச்சுக் கட்டட்டுமா?" என்றாள். தலையசைத்து மறுத்தான்.

நஞ்சி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு மெல்ல அவள் முகத்தை விட்டுப் போனது.

"ஐயா, இந்த வழியா போறவங்க எல்லாரும் முதல்ல ஒண்ணுதான் கேப்பாங்க. 'ஐயோ, வாலுக்கு என்ன ஆச்சு'ன்னு. மாடு மேய்க்கறவனும் கேட்டான், தேன் எடுக்கறவனும் கேட்டான், கண்ணு சரியாத் தெரியாத கிழவர்கூட தடவிப் பாத்துட்டுக் கேட்டாரு. நீங்க இன்னும் கேக்கலை."

கொப்பு நின்றது. ஈக்கள் மறுபடி வந்து உட்கார்ந்தன.

"எனக்குத் தெரியும் அம்மா" என்றான் கொற்றன். இன்னொரு முறை சொன்னான். "எனக்குத் தெரியும். வெட்டினது நான்தான்."

நஞ்சி கத்தவில்லை. மண்ணை வாரித் தூற்றவில்லை. சடைச்சியின் கழுத்தில் கை வைத்தாள்.

"அப்போ இவ கத்துனாளா?"

"ஒரு முறை கத்திச்சு."

"அப்புறம்?"

கொற்றன் கையிலிருந்த கொப்பைப் பார்த்தான்.

"அப்புறம் என்ன பண்ணினா? சொல்லு."

"எங்கிட்டயே வந்து நின்னுது அம்மா. என் மேலயே சாஞ்சுகிட்டு நின்னுது."

நஞ்சி அதுவரை அழவில்லை. அதைக் கேட்டதும் சடைச்சியின் நெற்றிமுடிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். கொற்றன் பக்கத்தில் நின்றான். ஓடிப்போக வழி இருந்தது. சென்றமுறை ஓடியவன் இந்தமுறை நின்றான்.

அழுது முடித்தவள், "வா" என்று சொல்லிவிட்டு நடந்தாள். கொற்றன் பின்னால் போனான். அரை நாள் ஏறிய பிறகு, மேட்டில் அவள் குடிசை. உள்ளே போனவள், பரணிலிருந்து ஒரு துணிமூட்டையை எடுத்து வந்து அவன் முன்னால் பிரித்தாள்.

உள்ளே பொன்னிறக் கற்றைகள். கற்றை கற்றையாக, சிக்கெடுத்து, நுனி சேர்த்து, நாரால் கட்டிவைத்த வால்முடி.

"ஒவ்வொரு கோடையிலயும் சீவும்போது கொஞ்சம் கொஞ்சமா உதிரும். தூக்கிப்போட மனசு வராது. இவ கன்னுக்குட்டியா இருந்ததிலிருந்து சேத்து வச்சிருக்கேன். இதுல எத்தனை கவரி கட்டலாம்?"

கொற்றன் பார்த்தான். "நாலு கட்டலாம் அம்மா."

"கேட்டிருந்தா கொடுத்திருப்பேனே. ஒரு வாய் கஞ்சியும் குடிச்சுட்டுப் போயிருக்கலாமே."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். கஞ்சி என்றதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அவன் மூட்டையிலிருந்து பட்டு சரிந்து வெளியே விழுந்தது.

"இது என்ன?"

மறைக்க அவனிடம் இனி என்ன இருக்கிறது? "அரசர் உங்களுக்கு அனுப்பினது. நீங்க மனசாரக் கொடுத்தீங்கன்னு அவர்கிட்ட நான் சொல்லியிருக்கேன்."

நஞ்சியின் முகம் முதல்முறையாகச் சிவந்தது.

"நான் கொடுத்தேன்னா சொன்னே? வாயில்லாத ஜீவன் வாலை அறுக்க நான் சம்மதிச்சேன்னா? வாலை எடுத்தது பத்தாதுன்னு என் பேரையும் எடுத்துகிட்டியா?" பட்டை மடித்து அவன் மடியில் போட்டாள். "கொண்டுபோ. நஞ்சி கொடுக்கலைன்னு போய்ச் சொல்லு. எல்லாரும் இருக்கும்போது சொல்லு."

கொற்றன் இறங்கினான். வழியெல்லாம் மனம் மறுபடி மூன்று சொல்லிப் பார்த்தது. 'அரசரிடம் தனியாகச் சொல்லலாம்' என்றது. 'பாதியைச் சொல்லலாம்' என்றது. 'ஊரை விட்டே போய்விடலாம்' என்றது. இந்தமுறை அவன் எதற்கும் காது கொடுக்கவில்லை.

சபை கூடியிருந்தது. அமைச்சர்கள் இருந்தார்கள், தூதர்கள் இருந்தார்கள், வழக்குக்கு வந்த குடிமக்கள் இருந்தார்கள். கொற்றன் நடுவில் போய் நின்றான்.

"அரசே, கேட்டேன் என்று சொன்னேன். கேட்கவில்லை. மனமுவந்து கொடுத்தார்கள் என்றேன். யாரும் கொடுக்கவில்லை. உதிர்ந்த முடி என்றேன். உப்புக் காட்டி ஏமாற்றி, வாலை அறுத்துக்கொண்டு வந்தேன். பசுவின் பெயர் சடைச்சி. வளர்ப்பவள் பெயர் நஞ்சி. அவள் இந்தப் பட்டை வாங்கவில்லை."

அரசர் தன் வலப்பக்கம் வைத்திருந்த பொற்கவரியைப் பார்த்தார்.

"இதை என் மேல் எத்தனை நாள் வீசியிருப்பாய்?"

"அறுவடையிலிருந்து கோடை வரை, அரசே."

"இப்போது அந்தப் பசு எப்படி இருக்கிறது?"

"ஈக்கடியில் புண்ணாகி நிற்கிறது, அரசே."

அரசரும் தலை குனிந்தார். எலிவால் என்று தான் சொல்லிச் சிரித்தது அவருக்கு நினைவு வந்திருக்கலாம். கவரியை எடுத்துத் துணியில் சுற்றி உள்ளே அனுப்பிவிட்டார்.

"சவுக்கடி கொடுங்கள், அரசே" என்றான் கொற்றன்.

"தரமாட்டேன். அடிபட்டால் தீர்ந்துவிட்டது என்று நினைப்பாய். போ."

அவன் எங்கே போவான்? மூன்று நாள் நடந்து நஞ்சியின் வேலிக்கு வெளியே போய் நின்றான்.

"அம்மா, சடைச்சிக்கு ஈ ஓட்ட என்னை விடுவீங்களா?" என்று கேட்டான்.

முதல் நாள் நஞ்சி, "வேண்டாம், போ" என்றாள். இரண்டாம் நாள் கேட்டான். பார்த்தும் பாராததுபோல் போய்விட்டாள். மூன்றாம் நாள் கேட்டான். அவள் கையிலிருந்த கொப்பை வேலிக்கு மேலாக நீட்டினாள்.

அன்று முதல் சடைச்சி மேயும் இடமெல்லாம் கொற்றன் நின்றான். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை வீசினான். நஞ்சி சொன்ன பச்சிலையைப் பறித்து அரைத்துப் புண்ணில் பூசினான். சிற்றூர்க்காரர்கள், "அரசர் வீட்டு ஆளு மாட்டுக்குக் கவரி வீசறாரு பாருடா" என்று கைகொட்டிச் சிரித்தார்கள். அது அவனுக்குச் சுடவில்லை. சுட்டது வேறு.

வழியில் போகிறவர்கள் எல்லோரும் நின்று கேட்பார்கள். "ஐயோ, வாலுக்கு என்ன ஆச்சு?"

நஞ்சி பதில் சொல்லமாட்டாள். அவனைப் பார்ப்பாள். கொற்றன் ஒவ்வொரு முறையும், "நான்தான் வெட்டினேன்" என்பான். சிலர் காறித் துப்பினார்கள். சிலர் பேசாமல் போனார்கள். ஒரு தேன்வணிகர் மட்டும், "ஏதோ தெரியாமல் செய்திருப்பீர்கள்" என்றார். "தெரிந்துதான் செய்தேன்" என்றான் கொற்றன். அந்த வரியை எத்தனை முறை சொன்னாலும் அது அவனுக்குப் பழகவே இல்லை. ஒவ்வொரு முறையும் புதிதாகவே நாக்கில் ஒட்டியது.

சடைச்சியோ அவன் வந்ததும் ஓடி வருவாள். உள்ளங்கையை நக்குவாள். யார் காறித் துப்பினாலும் தாங்கியவன், அந்த நாக்கு படும்போது மட்டும் தலை குனிந்துகொள்வான்.

ஒரு மழைக்காலம் போனது. இரண்டாம் மழைக்காலம் போனது. புண் ஆறியது. சடை மறுபடி தொங்கியது. வால்நுனி சற்றுக் கோணலாகவே நின்றுவிட்டது. ஆனால் முடி வளர்ந்தது. முதலில் விரல் நீளம், அப்புறம் சாண் நீளம், அப்புறம் முழ நீளம். வழிப்போக்கர்கள் வாலைப் பற்றிக் கேட்பதும் ஒருநாள் நின்றுபோனது.

மூன்றாம் கோடையின் தொடக்கத்தில் ஒரு காலைப்பொழுது, நஞ்சி மரச்சீப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். வால்முடி சீவும் நாள் அது. இத்தனை காலம் கொற்றன் சடைச்சியின் நெற்றியைத் தொட்டிருக்கிறான், முதுகைத் தொட்டிருக்கிறான், புண்ணைத் தொட்டிருக்கிறான். வாலை மட்டும் தொட்டதில்லை.

நஞ்சி சீப்பை அவனிடம் நீட்டினாள்.

"நீங்க சீவுங்க ஐயா" என்றாள்.

அவள் அவனை 'ஐயா' என்று சொல்லி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

"என் கை வேண்டாம் அம்மா."

"நான் சொன்னா போதுமா? அவளைக் கேளுங்க."

கொற்றன் சடைச்சியின் முன்னால் போய் நின்றான். அவள் கண்ணை மறைத்த முடியை ஒதுக்கினான். "தொடலாமா தாயி?" என்று கேட்டான்.

சடைச்சி அவனைப் பார்த்தாள். அசைபோட்டாள். பிறகு மெல்லத் திரும்பி, தன் வால் அவன் பக்கம் இருக்குமாறு நின்றுகொண்டு, குனிந்து புல் மேயத் தொடங்கினாள்.

கொற்றன் மண்டியிட்டான். கோணல் நுனியை ஓர் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டான். கண் மறைத்தது. துடைத்துக்கொண்டு, ஒரு முடிகூட இழுபடாமல், நுனியிலிருந்து மெல்ல மெல்லச் சீவினான்.

ஆகையால் கேளுங்கள், பிள்ளைகளே, பெரியவர்களே: நம்மை நம்பி அருகில் வந்து நிற்பவரிடம் கேட்காமல் எடுத்துக்கொள்வதே களவுகளில் கொடியது, எடுத்ததைப் பலர் முன்னே தன் வாயால் ஒப்புக்கொண்டு உழைத்து ஈடுசெய்பவனே மறுபடி அந்த நம்பிக்கைக்குத் தகுதி பெறுவான்.